எளியோர் வீதிகளை எழில்செய்தல்

வீதியை அழகு செய்வதென்றால் சுவருக்கு வர்ணம் தீட்டுதலும், மரக்கன்று நடுதலும், பெயர்ப்பலகை நாட்டுதலுமே எனப் பலரும் கருதுகின்றனர். மாணவர் குழாமொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இவையனைத்தையும் முடித்துத் திரும்பிவிடலாம். ஆனால் அடுத்த கோடையில் அக்கன்றுகளுள் எத்தனை உயிரோடிருக்கும்? அவற்றுக்கு நீர் வார்த்தவர் யாவர்? இவ்வினாக்களை முன்னிட்டு, எளியோர் வாழும் வீதிகளை எழில்செய்யும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சிக்குச் சாத்தாங்காட்டை இடமாகக் கொள்வோம். இது வடசென்னையில் திருவொற்றியூருக்கு மேற்கே மணலியை அடுத்துள்ளது. ஜார்ஜ் டவுனின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டுச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தை இங்கேதான் இருக்கின்றது. லாரிகளின் புழுதியும், கிடங்குகளின் இரைச்சலும், பக்கிங்காம் கால்வாயின் கலங்கல் நீரும் இப்பகுதியார் நாடோறும் காண்பன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வீசியபொழுது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பரவிற்று. எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வீட்டுச் சுவர்கள் பலவற்றில் அதன் கறை படிந்தது. அந்தக் கறையின்மேல் வர்ணம் பூசிவிட்டு, 'அழகு செய்தோம்' என்று கூறுவது முறையாகுமா? மறைத்தல் வேறு, அழகு செய்தல் வேறு.

அழகென்னும் சொல்லே ஏழையருக்கு அச்சந்தருவதாய் இருந்த காலமும் உண்டு. 1976-ஆம் ஆண்டில், நெருக்கடி நிலை நிலவியபொழுது, நகரை அழகுபடுத்தல் என்னும் பெயரால் டில்லியில் துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன, எதிர்த்து நின்றோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் மாண்டன. சென்னையிலும் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருந்தோர் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டனர். கரை துப்புரவாயிற்று, அவர்தம் தொழிலும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத் தொலைவாயின. ஆகவே ஏழையரை அகற்றி வரும் அழகு, ஏழையர் தாமே ஆக்கிக்கொள்ளும் அழகு என இருவகை உண்டு. நாம் நாடவேண்டியது பின்னதே.

அதற்குச் சிறந்த முன்மாதிரியொன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் தம் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொணர முயன்றபொழுது, அதன் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கலங்களைச் சுட்டெரித்த அதே எம்டன்தான். அவர் தளரவில்லை, வேறு படங்களைத் திரட்டி 1915-ஆம் ஆண்டில் இந்நகரில் கண்காட்சியை நடத்தினார். நெருக்கமான தெருவைக் கண்டவுடன் இடித்துத் தள்ளலாகாது, சிறு சிறு திருத்தங்களால் அதனைக் காத்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கை.

பின்னர் 1917-18-ஆம் ஆண்டுகளில் அவர் இந்தூர் நகரில் பணிபுரிந்தார். ஆங்குக் கொள்ளைநோய் அச்சம் மிக்கிருந்தது. அவர் ஆணை பிறப்பிக்கவில்லை, அபராதமும் விதிக்கவில்லை. தீபாவளியையொட்டி ஒரு பெரும் ஊர்வலம் ஏற்பாடாயிற்று. எந்த வீதியில் மிகுதியான வீடுகள் துப்புரவு செய்யப்பட்டுச் செப்பனிடப்படுகின்றனவோ அவ்வீதி வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். மக்கள் போட்டியிட்டுக் குப்பையை அகற்றினர். ஊர்வலத்தில் துப்புரவாளர்கள் வெள்ளாடை உடுத்தி, மலர் சூடி, மதிப்போடு நடந்தனர். நோய் பரப்பும் எலியின் உருவமும் அழுக்கரக்கனின் உருவமும் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டன.

இதன் நுட்பம் நமக்குப் புதிதன்று. திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவின்போது சுவாமி வீதியுலா வரும் நாளில் வாசல் தெளித்துக் கோலமிடும்படி யாரும் எவருக்கும் கட்டளையிடுவதில்லை. தம் வாயில் வழியே ஒரு சிறப்பு வருகின்றது என்னும் எண்ணமே கைகளை இயக்குகின்றது. அவ்வெண்ணத்தை எழுப்புதலே அமைப்பாளரின் முதற்கடமை.

எழுந்த எண்ணம் நிலைத்து நிற்க ஓர் ஒழுங்கும் வேண்டும். 1989-ஆம் ஆண்டில் வங்கி அலுவலரான எம். பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் இதனை நன்கு உணர்த்திற்று. ஏறத்தாழ நூறு வீட்டார் ஒரு சங்கமாய்க் கூடுவர்; மாதச் சந்தா செலுத்துவர்; மூன்றுசக்கர வண்டியோடு ஒருவரை நியமித்து வீடுதோறும் குப்பை சேகரிப்பிப்பர். அவ்வூழியருக்கு 'வீதியை அழகு செய்பவர்' என்று பொருள்படும் பெயரையே அவ்வியக்கத்தார் வழங்கினர். இங்கே நாம் கற்பன இரண்டு: அலகு சிறிதாய் இருத்தல் வேண்டும், உழைப்பவருக்கு ஊதியமும் மதிப்பும் வேண்டும். சந்தா கொடுக்க இயலாத வீதிகளிலோ அச்செலவை நகராட்சியே ஏற்குமாறு வேண்டுதல் தகும்.

சித்திரத்துக்குப் பயனில்லையா எனின், உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்ன மாத்திரத்திலேயே வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர் வருந்திக் கூறுவதுண்டு. 2020-ஆம் ஆண்டில் ஸ்டார்ட் இந்தியா என்னும் கலை நிறுவனம் மாநகராட்சியின் துணையோடு அங்குள்ள குடியிருப்புகளின் நெடுஞ்சுவர்களில் பெருஞ்சித்திரங்களைத் தீட்டுவித்தது. வெறுப்போடு நோக்கப்பட்ட இடத்தைப் பிறர் விரும்பி வந்து காணலாயினர். பெயருக்கு நேர்ந்த இழுக்கை ஓரளவு துடைத்தலும் நற்பணியே. எனினும் சித்திரம் குடிநீர் தாராது, கழிவுநீரை வடிக்காது. அவை பின்தொடராவிடின் வர்ணம் வெளிறும்பொழுது நம்பிக்கையும் வெளிறும்.

இனிச் சாத்தாங்காடு போன்ற ஊரில் பணிபுரிய விரும்பும் மாணவர் கைக்கொள்ளத்தக்க முறையைத் தொகுத்துரைப்போம். முதலாவது, தூரிகையின்றிச் செல்க. வீதியை நடந்து பார்த்து, பெண்டிரையும் முதியோரையும் சிறுவரையும் வினவி, எது அவர்க்கு நாடோறும் இடுக்கண் செய்கின்றதென்று குறித்துக்கொள்க. இரண்டாவது, அவர்கள் தெரிந்தெடுக்கும் ஒரு சிறு பணியை மட்டும் மேற்கொள்க. அது குழாயடியில் தேங்கும் சேறாயிருக்கலாம், விளக்கில்லா மூலையாயிருக்கலாம். மூன்றாவது, வடிகாலுக்குப் பின்னரே செடி. செடிக்குப் பின்னரே சித்திரம். நடுவதாயின், உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசும் புங்கமும் நன்று. நான்காவது, சித்திரை வைகாசியில் நீர் வார்ப்பவர் இன்னாரென்று அவ்வீதியாரே முடிவு செய்த பின்னரே குழி தோண்டுக. ஐந்தாவது, வீதியாரால் இயலாதவற்றை விண்ணப்பமாய் எழுதி, அவர்தம் கையொப்பத்தோடு அவர்களே கொண்டு செல்லுமாறு துணைபுரிக. திருவொற்றியூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டமையால், மாநகரின் மற்றை வீதிகளுக்குரிய உரிமை இவ்வீதிகளுக்கும் உண்டு.

இம்முறையில் நம் பெயர் எச்சுவரிலும் இராது. நிழற்படத்துக்குரிய காட்சியும் விரைவில் கிட்டாது. ஆயினும் நாம் செல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அவ்வீதி பெருக்கப்பட்டிருக்குமாயின், அப்பணி நிலைபெற்றதென்று கொள்ளலாம்.