உலக்கையும் சாமைச் சோறும்

அன்புள்ள தங்கைக்கு,

தானியமும் பயறும் கீரையும் நிறைந்த பழைய சாப்பாடு மண்ணுக்கும் நல்லது என்று உன் பாடப்புத்தகம் சொல்கிறது. சரிதான். அப்படியானால் அது ஏன் தட்டை விட்டுப் போனது? அதைத் தெரிந்துகொள்ள நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பார்க்க வேண்டும்.

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று மழையை நம்பி மேட்டு நிலத்தில் விதைத்தவர்கள் அவர்கள். கேழ்வரகுக்கு நடுவே அவரையும் கடுகும் வளரும். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். அவரை வேரின் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொடுப்பதால் யூரியாவின் தேவையும் குறைவு. தண்ணீர் தேங்கிய நெல்வயல் சேற்றில் மீத்தேன் உண்டாகும். சாமைக் காட்டில் அந்தச் சேறே கிடையாது. சத்திலும் குறைவில்லை: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆனால் சாமை மணி கடுகளவுதான், உமியோ கெட்டி. உரலில் போட்டு உலக்கையால் இடித்து, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் இடிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை பாடு, அத்தனையும் பெண்களின் தோளில். ரேஷன் அரிசியைக் களைந்து அப்படியே உலையில் போட்டுவிடலாம். கூடவே, கீழே சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சாமை விளைந்த நிலம் மரவள்ளிக்குப் போயிற்று. கிழங்கைப் பிடுங்கினால் சரிவு மண் இளகும், அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போகும்.

இதற்காக அந்த மக்களைக் குறை சொல்வது அநியாயம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதைகளைக் காப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுபோனது. செய்தவற்றில் இதுவே முக்கியம். உலக்கைப் பாடு குறையாமல் சாமை மறுபடி அடுப்பேறாது.

கடைக்குப் போனால் வெள்ளை வெளேரென்ற சாமையை வாங்காதே. தவிடு போகாத, பழுப்பு நிறச் சாமையைக் கேட்டு வாங்கு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், கொஞ்சமாக வாங்கினால் போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து வேகவை. மொச்சைக் குழம்பு அதற்கு அருமையாகச் சேரும்.

அன்புடன்,
அக்கா