புத்தூர்ச் செத்தல் பாரிஸுக்குப் போகுமுன்

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் செம்மண்ணில் விளைந்த செத்தல் மிளகாயைத் தூளாக்கி, பாரிஸ் லா சப்பல் கடைகளுக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்பப்போகிறவர், மனித உரிமைக் கொள்கை அறிக்கை எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை தராசு.

யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு பிடிப்பதை விவசாயிகள் நெடுநாளாக எதிர்த்து வருகிறார்கள். எல்லா வியாபாரியும் செய்கிறார் என்று நீங்களும் செய்யாதீர்கள். அரச முத்திரை உள்ள தராசில், விற்பவர் பார்க்க நிறுங்கள். பழுதைக் கையால் பிரித்து, அந்த நிறையை மட்டும் கழியுங்கள். நிறை, விலை, காசு தரும் திகதி மூன்றையும் துண்டில் எழுதிக் கொடுங்கள். செலவு ஏறத்தான் செய்யும். அதை ஏற்றுமதி விலையில் சேர்த்து, வெளிநாட்டு வியாபாரி கேட்டால் கணக்கைக் காட்டுங்கள். அந்த விலைக்கு அவர் வாங்காவிட்டால், உங்கள் வியாபாரம் இதுவரை தோட்டக்காரரின் பத்துக் கிலோவில்தான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது கிணறு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் நம் நன்னீர் முழுவதும் அப்படித்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும், அளவுக்கு மீறிப் போட்ட யூரியா நைத்திரேற்றாகக் கீழே இறங்கும். பொருள் வாங்கும் தோட்டங்களின் கிணற்று நீரை உங்கள் செலவில் பரிசோதியுங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடியிருந்தால் அந்த வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள். விவசாயப் போதனாசிரியரை அழைத்து உர அளவைக் குறைக்க வழி பாருங்கள். தண்ணீரைக் கெடுப்பதன் விலையைச் சுன்னாகம் கண்டது. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் என்ற மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காம்பு கிள்ளும் பெண்களுக்கு முகக்கவசமும் அன்றன்று கூலியும் கொடுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

முறைப்பாடு கேட்க ஒருவரை வையுங்கள். அவர் உங்கள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. எங்கள் ஊரில் இது இலேசான காரியமல்ல! வணிகமும் மனித உரிமையும் பற்றி 2011இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட 31 நெறிகளில், பாதிக்கப்பட்டவர் பரிகாரம் கேட்க வழி இருக்கவேண்டும் என்பதும் ஒன்று. அவருடைய தொலைபேசி எண்ணை நிறைத் துண்டின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள்.

கடைசியாக, பூஞ்சண நஞ்சு. சரியாகக் காயாத செத்தலில் அஃப்ளாடொக்சின் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மிளகாயில் பி1 வகைக்கு 5 மைக்ரோகிராம், மொத்தமாக 10 மைக்ரோகிராம் வரைதான் விடும். எந்தத் தோட்டம், மருந்து அடித்த நாள், ஆய்ந்த நாள் மூன்றையும் மூட்டைக்கு மூட்டை கொப்பியில் பதியுங்கள். ஏற்றுமுன் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். தேறாத தூளை உள்ளூர்த் திருநெல்வேலிச் சந்தையில் தள்ளிவிடத்தான் மனம் சொல்லும். அங்கே வாங்குகிறவருக்கும் ஈரல் உண்டு. அழியுங்கள், அழித்த நிறையை எழுதுங்கள். பிறகு கொப்பியைப் பார்த்து, அது எந்தத் தோட்டத்து மூட்டை என்று கண்டுபிடித்து, அடுத்த போகத்துக்கு முன் அந்தத் தோட்டக்காரருக்குக் காயவைக்க ஒரு நல்ல படங்கு வாங்கிக் கொடுங்கள்.