சேற்றுழவில் டிராக்டர் சூடாகிறதா? ரேடியேட்டர் குழாயைப் பாருங்கள்

மேட்டூர் அணையை ஜூன் 12ந் தேதி திறப்பது வழக்கம். 2025ம் ஆண்டில் அதே தேதியில் அணை திறக்கப்பட்டு, ஜூன் 15ல் கல்லணையும் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய 2024ம் ஆண்டில் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எப்போது வந்தாலும், வந்த பிறகு சேற்றுழவு, பரம்படிப்பு, நடவு ஆகியவை தடையில்லாமல் நடந்தாக வேண்டும். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகங்களின் நாற்றை 20 முதல் 25 நாட்களுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். கதிரும் முன்கூட்டியே வந்துவிடும். அறுவடை தள்ளிப்போனால் ஐப்பசி மழை வேறு காத்திருக்கிறது.

இந்த நாட்களில் டிராக்டர் ஒரு வயலில் நின்றுவிட்டால் அந்த வயல்காரர் மட்டுமல்ல, அடுத்து முறை வைத்திருக்கும் பத்துப் பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்கும் வண்டிகளில் பலவற்றைச் சோதித்தால் காரணம் சில நூறு ரூபாய் பெறுமான ஒரு ரப்பர் குழாயாக இருக்கும். ஒர்க்ஷாப்காரர்கள் இதை ‘ஓஸ்’ என்பார்கள். குழாய் கசிவதால் என்ஜின் கெட்டுவிடுவதில்லை. கசிவது தெரிந்தும், “இந்த வயலை முடித்துவிட்டுப் பார்க்கலாம்” என்று ஓட்டுவதால்தான் கெடுகிறது. சிலிண்டர் ஹெட் வளைந்து பிஸ்டன் பிடித்துக்கொண்டால் செலவு பல ஆயிரங்களில் போகும், பருவமும் போய்விடும்.

தண்ணீர் சுற்றும் வழி

ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே இரண்டு பெரிய குழாய்கள் இருக்கின்றன. என்ஜினில் சூடான தண்ணீர் மேல் குழாய் வழியாக ரேடியேட்டரின் தலைக்கு வருகிறது. அங்கிருந்து இறங்கும்போது விசிறிக் காற்றில் ஆறுகிறது. பிறகு கீழ்க் குழாய் வழியாக வாட்டர் பம்ப் அதை உறிஞ்சி மீண்டும் என்ஜினுக்கு அனுப்புகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடைக்கும். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஊர்ந்து செல்லும் டிராக்டருக்கு விசிறிக் காற்றுதான் கதி. வேகம் குறைவு, பாரம் அதிகம், வெயில் வேறு. குளிர்விக்கும் அமைப்பில் உள்ள சிறு குறையும் சேற்றுழவில்தான் வெளிப்படும். (ஐஷர் டிராக்டர்களில் சில ரகங்கள் காற்றாலேயே குளிர்பவை. அவற்றுக்கு ரேடியேட்டரும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.)

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அழுத்தத்தை அடக்கி வைக்கும் ஒரு வால்வு. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டிருந்தால், உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். அதனால்தான் சூடான வண்டியில் மூடியைத் திறந்தவுடன் தண்ணீர் நீராவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கிறது. எத்தனை அவசரமானாலும் என்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது.

கசிவு எங்கே?

முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் குறைகிறதா என்பது. தண்ணீர் நிறைவாக இருந்தும் வண்டி சூடானால் குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது ரேடியேட்டரின் கண்களில் வைக்கோல் தூசியும் பதரும் சேறும் அடைத்திருக்கலாம். தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தால் மட்டுமே கசிவைத் தேட வேண்டும்.

இரவு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்பக்கத்திற்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைக்கலாம். காலையில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேட வேண்டும். ஆனால் தண்ணீர் நேராகவே விழும் என்பதில்லை. மேல் குழாயில் கசிந்து, குழாயின் அடிப்பக்கமாகவே ஓடி, பம்பின் மேல் சொட்டி, பம்பே கெட்டதுபோல் காட்டும். ஆகவே குழாய்களைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளை மெல்லத் தூவி, வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. கசிவு தொடங்கும் இடத்தில் தூள் நனைந்து கோடு விழும். பழைய கசிவாக இருந்தால் தூள்கூட வேண்டாம். உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகவோ துருநிறமாகவோ தடம் இருக்கும். என்ஜின் ஓடும்போது குனிந்து பார்ப்பவர் தோளில் துண்டு இருக்கக் கூடாது. விசிறி அதைப் பிடித்து இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

சில கசிவுகள் சூட்டில் மட்டும் தெரியும், அழுத்தம் ஏறினால்தான் வெடிப்பு வாய் திறக்கும். வேறு சில கசிவுகள் விடியற்காலையில் மட்டும் சொட்டும். ஆறியபோது ரப்பர் சுருங்கி கிளிப்புக்கு அடியில் இடைவெளி விடுவதே காரணம். இதற்குப் புதுக் குழாய் தேவைப்படாது. கிளிப்பை அரைச் சுற்று முடுக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை ஆணியோ சோப்போ வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்கிற்குள் போய் பம்பையே தின்றுவிடும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் கவலைப்பட வேண்டியதுதான். எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, புகை வெண்மையாக வந்துகொண்டே இருந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கக் கூடும். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

குழாயின் நிலையை அறியக் கைதான் கருவி. என்ஜின் ஆறியிருக்கும்போது குழாயை நடுவிலும், இரு முனைகளிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் அமுங்கி மீளும். வறட்டிபோல் விறைத்திருந்தால் சூட்டில் காய்ந்துவிட்டது. கொழகொழவென்று ஒட்டினால் டீசலோ எண்ணெயோ பட்டு ஊறிவிட்டது; அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். வெளியே பளபளப்பாக இருந்தும் அழுத்தும்போது உள்ளே நறநறவென்றால் உள்பக்கம் வெடித்திருக்கிறது. அறுவடைக்குப் பின் கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் எலி கடித்த தடமும் இருக்கும்.

வயலில் வெடித்துவிட்டால்

உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சூடு காட்டும் கருவியின் முனை தண்ணீரில் படாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் கீழே இறங்கிவிடக்கூடும். “சூடு குறைந்துவிட்டது” என்று நம்பி ஓட்டியவர்கள் என்ஜினை இழந்திருக்கிறார்கள். பக்கத்து வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கொதிக்கும் என்ஜினில் ஊற்றுவதும் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

நன்றாக ஆறிய பிறகு, சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, வெடித்த இடத்தில் இழுத்து இழுத்துச் சுற்றி, கம்பியால் கட்டலாம். ரேடியேட்டர் மூடியை முதல் பிடிப்பு வரை மட்டும் திருகி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறாது. வடிகட்டிய தண்ணீரை நிரப்பி, கலப்பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வீடு சேரலாம். இது வீடு சேர்வதற்குத்தானே தவிர, மீதி வயலை உழுவதற்கு அல்ல. நாற்று காத்திருக்கிறது என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்குச் சொல்லி வைப்பது மேல்.

மாற்றும் முறை

பழைய குழாயைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்விட்டமும் வளைவும் பொருந்த வேண்டும். நேர்க் குழாயை வாங்கி வளைத்து மாட்டினால் நடுவில் மடிந்து தண்ணீர் ஓட்டத்தை நெரிக்கும். பல வண்டிகளில் கீழ்க் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பம்ப் உறிஞ்சும்போது குழாய் சப்பையாகிவிடாமல் தாங்குவது அதுதான். வேண்டாத பொருள் என்று அதை எடுத்து எறிந்துவிடுகிறார்கள். பிறகு குழாயும் புதிது, தண்ணீரும் நிறைவு, ஆனால் என்ஜின் வேகம் கூட்டினால் மட்டும் வண்டி ஏன் சூடாகிறது என்று யாருக்கும் விளங்காது.

ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடிக்க வேண்டும். கூலன்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ கன்றோ நக்கினால் உயிருக்கு ஆபத்து. வாத்து மேயும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது.

கிளிப்பைத் தளர்த்தியும் குழாய் வரவில்லை என்றால் திருப்புளியால் நெம்பக் கூடாது. ரேடியேட்டர் கழுத்து மெல்லிய பித்தளை. ஈயப் பற்று விட்டுவிடும். எப்படியும் எறியப் போகிற குழாய்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். கழுத்தில் படிந்த காறையை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். புதுக் குழாய்க் கசிவுகளில் பாதி இந்தத் தேய்ப்பை விட்டுவிடுவதால் வருபவை.

கிளிப்புகளை முதலில் குழாயில் கோத்துக்கொண்டு, கழுத்தைச் சோப்புத் தண்ணீரால் நனைத்து, குழாயை முழுதும் தள்ள வேண்டும். கிரீஸ் தடவினால் சுலபமாக ஏறும், ரப்பரும் சீக்கிரம் கெடும். கழுத்தில் உள்ள மேட்டைத் தாண்டி உட்புறத்தில் கிளிப் அமர வேண்டும். குழாய் அசையாத அளவு முடுக்கினால் போதும். வெறிகொண்டு முடுக்கினால் கிளிப்பே ரப்பரை அறுத்துவிடும்.

நிரப்பும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். போர்த் தண்ணீரின் உப்பு காறையாகப் படியும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உவர்நீர் அறவே ஆகாது. பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரோ, சுத்தமான பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீரோ நல்லது. அதனுடன் கைப்புத்தகத்தில் சொன்ன அளவு கூலன்ட் சேர்க்க வேண்டும். பனி உறையாத தஞ்சையில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே அது துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும்.

மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே தங்கிய காற்று குமிழியாக வெளியேறி மட்டம் இறங்கும். இறங்கிய அளவு மேலும் ஊற்றி மூட வேண்டும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு புதுக் குழாய் சற்று அமர்ந்துவிடும் என்பதால் மறுநாள் காலையில் கிளிப்புகளை மீண்டும் முடுக்க வேண்டும். ஒரு குழாய் போயிருந்தால் அதன் வயதே உள்ள மற்றதையும் சேர்த்து மாற்றிவிடலாம். கழற்றியது இன்னும் தாங்கும் நிலையில் இருந்தால், இரண்டு கிளிப்பும் ஒரு சைக்கிள் டியூபும் சேர்த்து டூல்ஸ் பெட்டியில் போட்டு வைக்கலாம்.