கடைக்கு ஒரு கம்ப்யூட்டர்: பாகங்களைச் சரக்கு பார்த்து வாங்குவது எப்படி?



துவரம் பருப்பு மூடையைப் பிரித்து வைத்தால், கையில் அள்ளிப் பார்க்காமல் நம்மில் யாரும் விலை பேசுவதில்லை. ஈரம் இருக்கிறதா, குருணை எவ்வளவு, வண்டு உண்டா என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்போம். அப்படிப்பட்ட நாம், கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் "எல்லாம் சேர்த்து என்ன விலை?" என்று கேட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து விடுகிறோம். அந்தத் தவறை நானும் செய்தேன். அதன் பலனையும் அனுபவித்தேன்.

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். மண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து கருகிய வாடை வந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை என் கையில் கொடுத்தார். காலி தகர டப்பா போல் கனமே இல்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மட்டும் 450 வாட் என்று இருந்தது. அது தான் போனதோடு நிற்காமல் மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. கணக்கின் நகலை நான் கடைசியாக எடுத்தது ஆடி மாதத்தில்.

விற்ற பில் விவரங்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னிலிருந்து ஓரளவு கிடைத்தன. ஆனால் யார் எவ்வளவு பணம் கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை எங்கே போய்த் தேடுவது? ஒவ்வொரு கடைக்காரரிடமும் "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் நிலை வந்தது. ஒரு கிராமத்து மளிகைக்காரர் தன் நோட்டைக் கொண்டு வந்து, "அண்ணாச்சி, உங்க கணக்கு போனா என்ன, என் நோட்டுல இருக்கு" என்று பாக்கியை எண்ணி வைத்தார். எல்லோரும் அவரைப் போல் இருக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். வராமல் போன பாக்கியை இங்கே எழுத மனமில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் மண்டிக்கும் உறவினர் கடைகளுக்கும் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து அமைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

பில் போடுவது, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவைதான் நம் வேலை. இதற்கு விலை உயர்ந்த பிராசசரோ, தனி கிராபிக்ஸ் கார்டோ தேவையில்லை. அந்தப் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., யு.பி.எஸ். ஆகியவற்றில் போடுங்கள்.

கடையில் இப்போது இருக்கும் கருவிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அகலமான பேரலல் இணைப்பு மட்டும் இருக்கலாம். எலக்ட்ரானிக் தராசில் சீரியல் இணைப்பு இருக்கலாம். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றின் பின்பக்கம் இவை இரண்டுமே கிடையாது. இணைப்பு உள்ள போர்டு வாங்குவதா, யு.எஸ்.பி. மாற்றி வாங்குவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். மாற்றி வாங்கினால் உங்கள் தராசோடு இணைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

2. பிராசசரும் மதர்போர்டும்

மரக்கால் ஒன்று, மூடி வேறொன்று என்றால் பொருந்தாது அல்லவா? அதுபோல பிராசசர் உட்காரும் குழியும் பிராசசரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு எல்.ஜி.ஏ. 1700 என்ற குழி. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 எஸ் வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசைக்கு ஏ.எம்.4, 7000 வரிசைக்கு ஏ.எம்.5. ஒன்றை மற்றொன்றில் வைக்கவே முடியாது.

குழி பொருந்தினாலும் சில சமயம் கம்ப்யூட்டர் எழும்பாது. எச்610 போன்ற போர்டுகள் 12-ஆம் தலைமுறையோடு வந்தவை. கடையில் வெகுநாள் கிடந்த போர்டில் 14-ஆம் தலைமுறைப் பிராசசரைப் போட்டால், பயாஸ் என்னும் உள் புரோகிராமைப் புதுப்பித்தால்தான் ஏற்கும். அதைக் கடைக்காரரே செய்து தரும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போர்டு தயாரித்த நிறுவனம் எந்தெந்தப் பிராசசர் பொருந்தும் என்று பட்டியல் வெளியிட்டிருக்கும். அதில் பெயர் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இன்னொரு எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராசசர் எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதில் திரைக்குப் படம் தரும் வசதி இல்லை. விலை சற்றுக் குறைவாக இருக்கிறது என்று அதை வாங்கினால், பிறகு தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரும். ரைசன் 5000 வரிசையில் எண்ணுக்குப் பின் 'ஜி' உள்ளவற்றில்தான் அந்த வசதி உண்டு.

3. நினைவகம்

டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரண்டு வகை ரேம் புழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மாற்றிப் போட இயலாது. ஏ.எம்.4 போர்டுக்கு டி.டி.ஆர்.4, ஏ.எம்.5 போர்டுக்கு டி.டி.ஆர்.5. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகள் இரு வகையிலும் வருவதால், அட்டைப் பெட்டியைப் படித்து வாங்க வேண்டும். நம் வேலைக்கு 8 ஜி.பி. போதும். 16 ஜி.பி. இருந்தால் நீண்ட நாள் கவலையில்லை.

4. கணக்கு தங்கும் இடம்

இப்போது ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதே வழக்கம், வேகமும் அதிகம். எம்.2 என்னும் சிறு பட்டை வடிவத்தில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சில போர்டுகள் என்.வி.எம்.இ. வகையை மட்டுமே ஏற்கும். போர்டின் விவரத்தில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. மின்சாரம்

நான் அடிபட்ட இடம் இதுதான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில் கம்ப்யூட்டருக்கு, பெயர் பெற்ற நிறுவனத்தின் 400 அல்லது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம். சீட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். '80 பிளஸ்' முத்திரை உள்ளதா, வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்றால் 600 வாட் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். அதில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். பேட்டரியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்த பிறகே புதுக் கம்ப்யூட்டரை மாட்டுங்கள்.

நம் கடைகளில் மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் பறக்கும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை காற்றடித்து ஃபேனைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

6. பழைய கம்ப்யூட்டர் மலிவாக வந்தால்

மலிந்த சரக்கு கடைத்தெருவுக்கு வரும் என்பது நமக்குத் தெரிந்ததே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 4-ஆம், 6-ஆம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களை மலிவு விலையில் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

7. பில், வாரண்டி, சோதனை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் பாகத்தின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பணம் கொடுக்கும் முன் சரிபாருங்கள். வாரண்டிக்கு அதுவே ஆதாரம். கடை உபயோகத்திற்கு வாங்கும் கம்ப்யூட்டருக்குச் செலுத்திய வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத பதிவு பெற்ற வணிகர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் இதை இழக்கிறார்.

சேர்த்து முடித்ததும் கடைக்காரர் முன்னிலையில் உங்கள் பில் புரோகிராமைப் போட்டு, பிரிண்டர், தராசு, ஸ்கேனர் அனைத்தையும் இணைத்துச் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் மாற்ற வேண்டாம். வியாபாரம் மந்தமாக உள்ள மாதத்தில் மாற்றுங்கள்.

8. கடைசியாக ஒன்று

எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். எனவே இரண்டு பென் டிரைவ் வாங்கி ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். ஒருநாள் ஒன்றில், மறுநாள் மற்றொன்றில் கணக்கின் நகலை எடுங்கள். அன்று நகல் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டு போங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

இரவு கல்லாவைப் பூட்டும்போது சாவியோடு சேர்த்து அந்தப் பென் டிரைவையும் எடுக்கிறேன். 2019 தீபாவளிக்குப் பிறகு ஒருநாள்கூட இதை நான் தவறவிட்டதில்லை. சக வணிகர்கள் யாரும் என்னைப் போல் பாக்கிக் கணக்கை ஊரெல்லாம் விசாரித்துத் திரியும் நிலைக்கு வரக் கூடாது என்பதே இதை எழுதியதன் நோக்கம்.