அடுத்து எந்த பியர் காய்ச்சலாம்?

பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தேவைக்கு பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. அங்கே இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் ஒரு தடவை முடிந்ததுமே அடுத்தது என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆசையைப் பிறகு பார்க்கலாம். முதலில் நொதிக்க வைக்கும் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள்.

18 முதல் 20 டிகிரி என்றால் பேல் ஏல், போர்ட்டர், ஸ்டவுட் எதுவும் சரிவரும். கோடையில் அறை 28 டிகிரியைத் தொட்டால் பெல்ஜியத்தின் சேசோன்தான் என் தேர்வு. அதன் ஈஸ்ட் அந்தச் சூட்டில் மிளகு வாசனையோடு அருமையாக வேலை செய்யும். அதைவிடச் சூடு என்றால் நார்வே பண்ணைகளின் குவைக் ஈஸ்ட் இருக்கிறது, 35 டிகிரியிலும் சளைக்காது. லாகருக்கு 10 டிகிரி வாக்கில் நொதித்தலும், பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரமும் வேண்டும். தனி ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எப்போது குடிக்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். கோதுமை பியரும் ஐபிஏவும் புதிதாக இருக்கும்போதே ருசி. கிறிஸ்துமஸுக்கு, பல மாதம் முதிர வேண்டிய பார்லி ஒயின் என்ற வலுவான பியர் வேண்டுமானால் வசந்தத்திலேயே காய்ச்சுங்கள்.

சென்ற முறை லேசான ஏல் காய்ச்சினீர்களா? அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கொட்டாதீர்கள். வலுவான ஸ்டவுட்டுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.