மகனுக்கு எத்தனை ஸ்கான், எவ்வளவு கதிர்வீச்சு?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சிறுநீரகக் கல்லுக்காக இரண்டு வருடத்துக்குள் நான்கு தடவை சி.ரி. ஸ்கான் எடுத்தாயிற்று. மூன்று தனியார் வைத்தியசாலைகளில், ஒன்று அரச வைத்தியசாலையில். இப்போது புதிய வைத்தியர் திரும்பவும் எடுக்கச் சொல்கிறார். இதுவரை எவ்வளவு கதிர்வீச்சுப் பட்டிருக்கும் என்று கேட்டால், "ரிப்போர்ட்தான் தரலாம்" என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் ஓர் அளவு இல்லையா, ஐயா? பின்னால் ஏதும் வந்தால் வழக்கு வைக்கலாமா?
– ஒரு தாய், ஹெவ்லொக் டவுன்

பதில்: ஸ்கான் அறையில் வேலை செய்பவருக்கு அளவு உண்டு. சர்வதேச நியமப்படி ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவேர்ட். அவர் உடையில் அணியும் சிறு கருவி அதை அளக்கிறது. நோயாளிக்கு அப்படியோர் உச்சவரம்பு அந்த நியமத்தில் வைக்கப்படவில்லை, அதில் நியாயமும் உண்டு: உயிரைக் காக்க இன்னொரு ஸ்கான் தேவையென்றால் சட்டம் குறுக்கே நிற்கக்கூடாது. ஆனால் வரம்பு இல்லாதபோது கணக்காவது இருக்க வேண்டும். இயற்கையிலிருந்து நம்மீது ஆண்டுக்குச் சராசரியாகப் படுவது 2.4 மில்லிசீவேர்ட். வயிற்றுப் பகுதி சி.ரி. ஒன்றில் சுமார் 10 வரை படலாம். உங்கள் மகனுக்குப் பட்டது எவ்வளவு என்பதை அந்தந்த இயந்திரத்தின் பதிவு மட்டுமே சொல்லும்.

வழக்கைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும். கதிர்வீச்சால் புற்றுநோய் வருவதாயின் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கும். காரணம் எழுந்த நாள் எது என்பதிலேயே பெரிய வாதம் நடக்கும். அதைத் தாண்டினாலும், இந்த ஸ்கானால்தான் இந்த நோய் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு குழந்தையின் மரணம் தொடர்பான பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கை நினைத்துப் பாருங்கள். அங்கே குறை சி.ரி. ஸ்கானை உரிய நேரத்தில் எடுக்காமல் விட்டது என்பதே. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுத்தது. கவனயீனத்தை ஏற்றுக்கொண்டும், அதனால்தான் குழந்தை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒரு வழக்கில் காரணத்தை நிரூபிப்பதே இவ்வளவு கடினமென்றால், நான்கு இடங்களில் எடுத்த நான்கு ஸ்கான்களில் எதைக் குற்றம் சொல்வது?

ஆகவே இப்போதே பதிவைக் கையில் எடுங்கள். பெரும்பாலான சி.ரி. இயந்திரங்கள் ஒவ்வொரு ஸ்கானின் பின்னும் 'டோஸ் ரிப்போர்ட்' என்ற பக்கத்தைத் தாமே உருவாக்குகின்றன. அதில் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் டி.எல்.பி. என்ற எண் இருக்கும். உங்களிடமுள்ள ஸ்கான் இறுவட்டுகளிலேயே (சி.டி.) அது இருக்கக்கூடும், முதலில் அங்கே தேடுங்கள். இல்லாவிட்டால் அரச வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். மகன் பராயமடைந்தவர் என்பதால் விண்ணப்பம் அவர் பெயரில் போகட்டும். நீங்கள் கேட்பதாயின் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஏனெனில் மருத்துவப் பதிவுகளுக்கு அச்சட்டமே காப்பு வைத்திருக்கிறது.

தனியார் வைத்தியசாலைகளை அச்சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உதவ வேண்டியது, ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. எனவே பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு முறையிடுங்கள். கதிர்வீச்சு இயந்திரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவை. கடிதத்தின் பிரதியொன்றை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

ஒரு தாய் இத்தனை படி ஏறியிறங்க வேண்டியதில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் வைத்தியசாலையொன்றில் 206 பேருக்கு மூளை ஸ்கானின்போது எட்டு மடங்கு கதிர்வீச்சுப் பட்டது 2009இல் வெளிவந்த பிறகு, கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. சி.ரி. ஸ்கானின் அளவு 2012 ஜூலை முதல் அங்கே பதிவில் ஏறுகிறது. அதே கடமையை இங்கும் சட்டத்தில் எழுதலாம், எழுத வேண்டும்.

அடுத்த ஸ்கானுக்கு முன் பழைய சி.டி.க்கள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டி, கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் போதுமா, குறைந்த அளவில் சி.ரி. எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மகனுக்குக் காய்ச்சலோடு வலி வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கணக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் வைத்தியர் சொல்வதைச் செய்யுங்கள்.