புகைபோக்கியும் பொய்யுரைக்காத கருவியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

காற்றுக்கு வேலி கிடையாது. நான் வசிக்கும் ராஜா அண்ணாமலைபுரம் வீடுகளும் பள்ளிகளும் நிறைந்த பகுதி. மணலி, எண்ணூரைப் போல வானுயர்ந்த புகைபோக்கிகள் இங்கில்லை. ஆயினும் வடசென்னைக்கும் தென்சென்னைக்கும் காற்று ஒன்றுதான். அக்காற்றில் ஓர் ஆலை எவ்வளவு தூசியைக் கலக்கிறது என்று காட்டும் கருவியை அந்த ஆலையே தன் பணத்தில் வாங்க வேண்டியுள்ளது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கருவியை விரும்பி வாங்குவார் யார்? அவரை வாங்கச் செய்ய அரசு என்ன ஊக்கம் அளிக்கலாம்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி இயங்கும் விதம்

புகைபோக்கியின் ஒரு பக்கத்திலிருந்து ஒளிக்கற்றை செலுத்தப்படுகிறது. தூசி மிகுந்தால் மறுபக்கம் சேரும் ஒளி குறைகிறது. கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உட்கவரும் அளவைக் கொண்டு அவ்வாயுவையும் அளக்கலாம். இந்த அளவுகள் உடனுக்குடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினிக்குச் செல்கின்றன.

ஆனால் எக்கருவிக்கும் பிழை உண்டு. திருகு அளவியில் சுழிப்பிழை பாராமல் கம்பியின் விட்டத்தை அளந்தால் ஆய்வகத்தில் எங்கள் பதிவேடு கையெழுத்துப் பெறாது. அதுபோலவே, புகையிலுள்ள தூசியை வடிதாளில் பிடித்து எடைபோட்டு, அதனோடு ஒப்பிட்டு இக்கருவியையும் திருத்த வேண்டும்.

சட்டமும் சலுகையும்

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் பிறந்தது. தமிழ்நாட்டில் வாரியம் 1982-இல் அமைந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் சிமெண்ட், சர்க்கரை, உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அனல் மின்சாரம் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களில் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்த ஆணையிட்டது. இது கட்டாயம், சலுகையன்று.

சலுகை வருமான வரியில் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான தேய்மானம் ஒரு காலத்தில் 100 சதவீதம். பின்னர் 2017-இல் 40 ஆகக் குறைந்தது. அதாவது, 1 கோடி ரூபாய்க் கருவிக்கு முதலாண்டிலேயே 40 லட்சத்தை லாபத்திலிருந்து கழிக்கலாம். சாதாரண இயந்திரத்துக்கு 15 லட்சமே கழிக்க முடியும். ஆனால் அந்தப் பட்டியலின் காற்று மாசுப் பிரிவில் இருந்தவை மின்நிலை வீழ்படிவி, துணி வடிகட்டி, தூசி சேகரிப்பான், புகை கழுவும் அமைப்பு, சாம்பல் அகற்றும் அமைப்பு ஆகியவையே. மாசைத் தடுப்பதற்குச் சலுகை கிடைத்தது. அளப்பதற்கு அங்கே இடமில்லை.

குஜராத் தரும் பாடம்

குஜராத்தில் ஆலைகள் தாமே கூலி கொடுத்துத் தணிக்கையாளரை அமர்த்தி வந்தன. அறிக்கைகளோ வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றன. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் 2009 முதல் 2011 வரை அங்கு ஒரு சோதனை நடத்தினர். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொதுநிதியிலிருந்து ஊதியம் தந்து, அவர்தம் அளவுகளில் சிலவற்றை மறுபடி சோதித்தனர். அறிக்கைகள் உண்மையாயின, மாசும் குறைந்தது.

அடுத்து 2019-இல் சூரத் நகரில் தூசிக்கான உரிமச் சந்தை தொடங்கியது. மொத்த மாசுக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. குறைவாக மாசுபடுத்தியவர் மிஞ்சிய உரிமத்தை விற்கலாம். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளில் பாதி சந்தையிலும் பாதி பழைய முறையிலும் வைக்கப்பட்டன. இரு பிரிவிலும் அளவுக் கருவி இருந்தது. ஆயினும் சந்தையில் இருந்த ஆலைகளின் தூசியே 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கருவி மட்டும் காற்றைத் தூய்மையாக்காது. அது காட்டும் எண்ணுக்கு ஒரு மதிப்பு வேண்டும்.

முடிவுரை

2011-இல் மத்திய அமைச்சகம் இத்தகைய சந்தைக்குத் தேர்ந்த மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. கருவி வாங்கியதற்கான ரசீதைப் பார்த்து மானியம் தருவதைவிட, ஆண்டு முழுதும் திருத்தமாக அளந்து காட்டிய ஆலைக்குக் கட்டணச் சலுகை தருவதே சிறந்தது என்பது என் கருத்து. கருவியைச் சோதிப்பவருக்கு ஆலை நேரே கூலி தராமல், எல்லா ஆலைகளும் செலுத்தும் பொதுநிதியிலிருந்து தரலாம். அளவு வராத நாளில் மிகுந்த மாசு வெளியேறியதாகவே கணக்கிடலாம். அளவுகளை ஆலை வாயிலில் தமிழில், பெரிய எழுத்தில் காட்டவும் வேண்டும். அப்புகையை முதலில் சுவாசிப்பவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளி. தாம் சுவாசிப்பது என்னவென்று அறிய அவருக்குப் பட்டம் தேவைப்படக் கூடாது.